ஆறு முத்திரை இருக்கிறது, கணக்கு எங்கே?

வாசகர் கேள்வி – ஆடிட்டர் பதில்

தென்மாவட்டம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 68. எட்டுப் பக்கக் கடிதத்தின் சாரம் இது:

2023 டிசம்பர் பெருமழையில் தூத்துக்குடி மாவட்டக் கிராமங்கள் மூழ்கியபோது, இடிந்த வீடுகளைப் பழுதுபார்த்துத் தருவதாக ஓர் அறக்கட்டளை சொன்னது. அதை நம்பி 2024 பிப்ரவரியில் 1,50,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். வீடு தேடி வந்த ஊழியரிடம் மேலும் 10,000 ரூபாய் ரொக்கமாகவும் கொடுத்தார். இப்போது அதே அறக்கட்டளை, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் கட்டப்போவதாகச் சொல்லி, மறைந்த கணவர் பெயரில் ஓர் அறைக்கு 5 லட்சம் கேட்கிறது. அவர்களுடைய கையேட்டின் பின்னட்டையில் ஆறு முத்திரைகள்: 12ஏ, 80ஜி, நிதி ஆயோக் பதிவு, சிஎஸ்ஆர்-1, ஐஎஸ்ஓ 9001, 'அரசு அங்கீகாரம் பெற்றது'. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளரோ, "நிர்வாகச் செலவே 18 சதவீதம் காட்டுகிறார்கள், வங்கியில் வேறு பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், ஏமாற்று வேலை" என்கிறார். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகன் 3 லட்சம் தர விரும்புகிறார். "எங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி இல்லை, அம்மா கணக்குக்கு அனுப்புங்கள், அவர் செக் போட்டுத் தரட்டும்" என்று அறக்கட்டளையிலிருந்து அவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. கொடுக்கலாமா, கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா, சென்னையில் சாரிட்டி கமிஷனரிடம் புகார் செய்யலாமா என்பவை அவர் கேள்விகள். அறக்கட்டளை தந்த நன்கொடைச் சான்றான 10பிஇ-யின் நகலையும் இணைத்திருக்கிறார்.

அம்மா, வணக்கம்.

நகலை இணைத்தது நல்லதாயிற்று. எட்டுப் பக்கக் கடிதத்தில் இல்லாத ஒரு செய்தி அந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஆறு முத்திரைகள்.

நீங்கள் 'அங்கீகாரம்' என்று எழுதியிருக்கிற இடங்களில் எல்லாம் 'பதிவு' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீரும். உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருப்பதற்கும், அந்தப் பிள்ளை தேர்ச்சி பெறுவதற்கும் உள்ள தூரம்தான் இதற்கும் அதற்கும்.

12ஏ (இப்போது 12ஏபி) என்பது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு. 80ஜி என்பது கொடுப்பவருக்கு வரிச்சலுகை. இரண்டையும் வருமான வரித் துறை தருகிறது. 2021-இல் பழைய நிறுவனங்கள் எல்லாம் மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது. அப்போது கிடைத்தது ஐந்தாண்டுக்கு மட்டும்தான். ஆகவே '1998 முதல் 80ஜி' என்று கையேட்டில் இருப்பதைப் பார்க்காதீர்கள், இன்றைய உத்தரவின் தேதியைக் கேளுங்கள். நிதி ஆயோக் முத்திரை என்பது 'தர்ப்பண்' தளத்தில் நிறுவனமே தன் விவரங்களை ஏற்றிப் பெற்றுக்கொள்ளும் எண். அந்த எண் இருப்பதாலேயே நிதி ஆயோக் அவர்கள் கணக்கைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டதாக ஆகாது. சிஎஸ்ஆர்-1, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்குவதற்கான பதிவு. உங்களுக்கும் எனக்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஐஎஸ்ஓ 9001 நிர்வாக முறைக்கான தரச்சான்று. ஊறுகாய்க் கம்பெனியும் வாங்கலாம், லாரி ஷெட்டும் வாங்கலாம். ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்று தருவதே இல்லை, தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள்தான் தருகின்றன. ஆறாவதாக 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று இருக்கிறதே, எந்த அரசு, எந்த ஆணை, எந்தத் தேதி என்று கேளுங்கள். பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்ததைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

உண்மையான தர மதிப்பீடு என்று ஒன்று இல்லாமல் இல்லை. இந்தியாவில் கிரெடிபிலிட்டி அலையன்ஸ், கைட்ஸ்டார் இந்தியா போன்றவை நிறுவனத்தின் ஆவணங்களை ஆராய்ந்து சான்று தருகின்றன. நிவாரணப் பணிக்கென்றே உலக அளவில் 2014-இல் ஒரு தரநிலை வந்தது, ஒன்பது உறுதிமொழிகள் கொண்டது. அதில் பாதிக்கப்பட்டவர் புகார் சொல்ல வழி இருக்க வேண்டும், அந்தப் புகாருக்குப் பதில் வர வேண்டும் என்பதும் ஒன்று. நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேடு இன்னும் திட்டமாகப் பேசும்: ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தங்குமிடத்தில் தலைக்கு 3.5 சதுர மீட்டர். இவை எல்லாமே விரும்பி ஏற்பவை, கட்டாயமில்லை. சிறிய உள்ளூர் அறக்கட்டளையிடம் இந்தச் சான்றுகள் இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம்: "நீங்கள் பழுதுபார்த்த வீட்டில் ஒழுகினால், அந்த வீட்டுக்காரர் எந்த நம்பருக்குப் பேசுவார்?"

10பிஇ-யில் நான் பார்த்தது

வரிக்கான விவரம் முதலில். உங்கள் நன்கொடை 2023–24 கணக்கில் வருவதால் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே சொல்கிறேன். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு.

அறக்கட்டளை தான் வாங்கிய நன்கொடைகளின் பட்டியலை 10பிடி படிவத்தில் துறைக்கு ஏற்ற வேண்டும். அதிலிருந்து உங்களுக்கு வருவதுதான் 10பிஇ. இரண்டுக்கும் கெடு, நிதியாண்டு முடிந்தபின் வரும் மே 31. உங்களுக்கு அது நேரத்துக்கு வந்திருக்கிறது, அவர்கள் பக்கம் ஒரு நல்ல மதிப்பெண். ஆனால் அதில் 'நன்கொடை வகை' என்ற கட்டத்தில் 'கார்பஸ்' என்று இருக்கிறது.

கார்பஸ் என்றால் மூலநிதி. முதல் அப்படியே முதலீட்டில் இருக்கும், பொதுவாக அதன் வட்டிதான் செலவாகும். ஒழுகும் கூரைக்கு ஓடு வாங்கக் கொடுத்த பணத்தை அவர்கள் வைப்பு நிதியாக எழுதியிருக்கிறார்கள். ஏன் அப்படி எழுதுவார்கள் என்று கேட்பீர்கள். வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை, ஓராண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். மூலநிதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செலவிட முடியாமல் திணறும் நிறுவனங்களுக்கு இது வசதியான ஒரு கட்டம். ஆனால் மூலநிதி என்று எழுத வேண்டுமானால் கொடுப்பவர் அப்படிக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். காசோலை கொடுத்த அன்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பொடி எழுத்தில் அந்த வாசகம் இருந்திருக்கலாம். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இது மோசடி என்று நான் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்திலேயே, முந்தைய வரியைப் பார்த்து அதேபோல் அடித்துக்கொண்டே போகும் பிள்ளைகள் உண்டு. தவறு என்றால் திருத்திய 10பிடி தாக்கல் செய்ய வழி இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: "என் பணம் வெள்ளத்தில் சேதமான வீடுகளுக்காகத் தரப்பட்டது. மூலநிதியாக வைக்க நான் சொல்லவில்லை. சான்றைத் திருத்தித் தாருங்கள், எந்த ஊரில் எத்தனை வீட்டுக்குச் செலவானது என்பதையும் எழுதுங்கள்." பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். பதில் வரும் விதத்திலேயே அவர்கள் யார் என்பது பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று. 1,50,000 முழுவதும் வருமானத்திலிருந்து கழியும் என்று நினைத்திருக்கிறீர்கள். இத்தகைய அறக்கட்டளைக்குப் பாதிதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. மற்ற கழிவுகள் போக உங்கள் வருமானம் 6 லட்சம் என்றால், அதில் பத்திலொரு பங்கு 60,000. அதில் பாதி 30,000 மட்டுமே கழியும். புதிய வரிமுறையில் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அதுவும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகையே கிடையாது.

18 சதவீதம் பற்றி

மேலாளர் ஐயாவிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். நிர்வாகச் செலவு 18 சதவீதம் என்று எழுதிக் காட்டுகிற நிறுவனத்தைவிட, "நூற்றுக்கு நூறும் மக்களுக்கே" என்று சொல்கிற நிறுவனத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சிமெண்ட் மூட்டை தானாக நடந்து ஏரல் வரைக்கும் போகாது. வண்டி வாடகை, மேஸ்திரியை மேற்பார்க்கும் ஆள், கணக்கர் சம்பளம், என்னைப் போன்றவர்களின் ஃபீஸ் எல்லாவற்றையும் யாரோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020-இல் வரம்பு வந்தது, முன்பு அது 50. உள்நாட்டு நன்கொடைக்கு அப்படி ஒரு சட்ட வரம்பு இல்லை. வங்கியில் பணம் இருப்பதும் குற்றமில்லை. 85 போக மீதி 15 சதவீதத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஐயா கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 18 சதவீதத்தில் அறங்காவலர் குடும்பத்துக்குப் போவது எவ்வளவு? அலுவலகக் கட்டடம் யாருடையது, வாடகை யாருக்குப் போகிறது? கார் யார் பெயரில் ஓடுகிறது?

சுனாமிக்குப் பிறகு, 2005-இல், ஆடிட்டருக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நாகப்பட்டினத்துக்கு ஒரு நிறுவனத்தின் செலவுச் சீட்டுகளைச் சரிபார்க்கப் போனேன். சாலையோரத்தில் நன்கொடையாக வந்த பழைய துணி மூட்டை மூட்டையாகக் கிடந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது, எடுக்க ஆளில்லை. அறைக்குள்ளே, ஸ்டவ் வாங்கியவர்களின் கைரேகைப் பட்டியல். நாற்பது ரேகை, நாற்பது பெயர். ஏழாவது ரேகையில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. இருபத்திரண்டிலும் அதே தழும்பு. முப்பத்தொன்றிலும். அந்த நிறுவனத்திடமும் பதிவு இருந்தது, ஃபோட்டோக்கள் பெட்டி நிறைய இருந்தன.

அதனால்தான் "பயனாளிகள் பொருளைக் கையில் பிடித்திருக்கும் படம் அனுப்பவில்லை" என்ற உங்கள் வருத்தத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படம் எடுப்பது மிக எளிது. வாங்கிக்கொள்பவருக்குத்தான் அது கஷ்டம். செஞ்சிலுவை இயக்கமும் பிற நிவாரண அமைப்புகளும் 1994-இல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளில் பத்தாவது, பேரிடரில் சிக்கியவர்களைக் கதியற்ற பொருள்களாகக் காட்டாமல் மானமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது. படம் அனுப்பாதது உங்கள் அறக்கட்டளைக்கு நான் போடும் இரண்டாவது நல்ல மதிப்பெண்.

மகன் பணம்: இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்

மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகனாக, இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்திருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அவரிடம் அறக்கட்டளை பணம் வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்குக்குப் பணம் வர வேண்டும்.

'என் பிள்ளை எனக்கு அனுப்பினால் அது என் பணம்தானே' என்கிறீர்கள். உங்கள் வீட்டுச் செலவுக்கு என்றால் ஆம், உறவினரிடம் வாங்கத் தடையில்லை. ஆனால் வெளிநாட்டவர் தந்த பணத்தை, நடுவில் எத்தனை கை மாறினாலும், வாங்கியவர் நன்கொடையாகத் தரும்போது அதுவும் வெளிநாட்டு நன்கொடையே என்று 2010-ஆம் ஆண்டின் அந்த எஃப்சிஆர்ஏ சட்டத்தின் விளக்கவுரை சொல்கிறது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அறக்கட்டளை உங்களைப் பாலமாக்கப் பார்க்கிறது. அதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே தந்திருக்கிறது. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், பதிலும் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

இவர்கள் தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா என்பதற்குள் நான் போகவில்லை. தெரியாது என்றால் கணக்கு பலவீனம், தெரியும் என்றால் இன்னும் மோசம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 18 சதவீதம் இல்லை, இதுதான். தம்பிக்குக் கொடுக்க மனமிருந்தால், எஃப்சிஆர்ஏ பதிவுள்ள வேறு நிறுவனத்துக்கு நேராகக் கொடுக்கட்டும். அல்லது இந்தியாவில் பணி செய்யும், அமெரிக்காவிலேயே பதிவான தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அந்த ஊர் வரிச்சலுகையும் அவருக்குக் கிடைக்கும்.

5 லட்சத்துக்கு முன் கேட்க வேண்டியவை

குழந்தைகள் இல்லம் என்கிறார்கள். ஆறு முத்திரையில் இல்லாத, ஆனால் இருந்தே ஆக வேண்டிய ஏழாவது ஒன்று இங்கே இருக்கிறது. ஆதரவற்ற குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெறாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'கட்டி முடித்த பிறகு வாங்கிக்கொள்வோம்' என்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் பேசியிருக்கிறார்களா என்று கேளுங்கள், நீங்களும் அங்கே ஒரு நடை போய் விசாரியுங்கள்.

அடுத்து நிலம். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். அறக்கட்டளை பெயரில் இல்லாமல் நிர்வாக அறங்காவலர் பெயரில் இருந்தால், உங்கள் கணவர் பெயர் பொறித்த அறை நாளை அவர் வாரிசுகளுக்குப் போகும்.

மூன்றாவது, கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழே யுடிஐஎன் என்று பதினெட்டு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டையும், அடுத்த ஆறு இலக்கம் அந்த ஆடிட்டரின் உறுப்பினர் எண்ணையும் குறிக்கும். எங்கள் ஆடிட்டர்கள் கழகத்தின் யுடிஐஎன் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம். எண் இல்லாத அறிக்கையை வெறும் தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்கும் வங்கிக் கணக்கின் பான் எண்ணையும் பாருங்கள். நான்காவது எழுத்து, ட்ரஸ்ட் என்றால் அதன் ஆங்கில முதலெழுத்தாக (T) இருக்கும். தனிநபரைக் குறிக்கும் 'பி' இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் 5 லட்சத்தை ஒரே காசோலையாகக் கொடுக்க வேண்டாம். அஸ்திவாரத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, பதிவுச் சான்று வந்ததும் ஒன்று என்று பிரித்து, எதற்காக என்பதைக் கடிதத்தில் எழுதி அதோடு கொடுங்கள். தகுதியுள்ள நிறுவனம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது. பெரிய கம்பெனிகள் அவர்களிடம் இதைவிடக் கடுமையாகத்தான் கேட்கின்றன.

திரும்பப் பெறுவதும் புகாரும்

மனமொப்பிக் கொடுத்து முடிந்த நன்கொடையைத் திரும்பக் கேட்கும் உரிமை பொதுவாக இல்லை. பொய் சொல்லி வாங்கினார்கள் என்று நிறுவ முடிந்தால் கதை வேறு. அப்போது காவல்துறைப் புகார். 2024 ஜூலைக்கு முன் நடந்தது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளில்தான் வரும். சாரிட்டி கமிஷனர் என்ற பதவி மகாராஷ்டிரத்தில் உண்டு, தமிழ்நாட்டில் இத்தகைய அறக்கட்டளைகளுக்கு அப்படி ஓர் அதிகாரி இல்லை. வரிவிலக்கின் நிபந்தனைகளை மீறிச் செயல்படுகிறார்கள் என்றால் சென்னையிலுள்ள வருமான வரி ஆணையர் (விலக்குகள்) அலுவலகத்துக்கு எழுதலாம், பதிவை ரத்து செய்யும் அதிகாரம் அங்கே இருக்கிறது. அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவில் கணக்குக் கேட்டு வழக்குப் போடவும் முடியும். நீண்ட வழி, செலவும் அதிகம். உங்கள் பதிவுத் தபாலுக்குப் பதில் வருகிறதா என்று பார்க்கும் வரை இதில் எதையும் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவர்கள் முழுக்க நன்கொடையில் ஓடுகிறார்கள் என்றால் அந்த வழியும் திறக்காது.

கடைசியாக அந்த 10,000. உங்கள் 10பிஇ-யில் இருப்பது 1,50,000 மட்டும். ரொக்கத்துக்கு வரிச்சலுகை இல்லாவிட்டாலும், அறக்கட்டளையின் வரவில் அது ஏறியிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது எண் அச்சிடாத துண்டுச்சீட்டு என்கிறீர்கள். பதிவுத் தபாலில் இதையும் ஒரு வரி சேர்த்து, சீட்டின் நகலை இணைத்து, ரசீது எண் என்ன என்று கேளுங்கள். மூலச்சீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.